அண்ணைக்குக் குளிரக் கூடாது

இந்த நகரத்தில் எனக்கு இரண்டு உத்தியோகங்கள். ஒன்று பஸ் ஓட்டுவது. அதற்குச் சம்பளம் உண்டு. மற்றது, செப்ரெம்பர் பிறந்ததும் என் மனைவி றோஸ்மலர் ஏறி நிற்கிற ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதற்குக் கிடைப்பது ஏச்சு மட்டும்தான். ஏணி ஆடினால் ஏச்சு. ஆடாமல் பிடித்தால், "என்னப்பா, நித்திரையோ?" என்று அதற்கும் ஏச்சு.

றோஸ்மலரை நீங்கள் லண்டனில் மிச்சம் என்கிற எங்கள் பகுதியில் எங்காவது பார்த்திருக்கக்கூடும். கட்டையான உருவம், வேகமான நடை, கையில் எப்போதும் ஒரு பை. ஆரம்பப் பள்ளி ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். பகல் முழுவதும் ஊரார் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக் கொடுத்துவிட்டு வருகிறவள், வீட்டில் ஆறுதலாக இருந்து ஒரு தேத்தண்ணி குடிப்பாள் என்று நினைத்தால் உங்களுக்கு அவளைத் தெரியாது. கோட்டைக் கழற்றும்போதே கண் கூரைக்குப் போய்விடும். மற்ற வீடுகளில் குளிர்காலத்துக்கு வீட்டை ஆயத்தம் செய்வது ஆண்களின் வேலை. அவர்கள் "நாளைக்குச் செய்யிறன்" என்று சொல்லிக்கொண்டே தை மாதம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கதை இல்லை. சுத்தியல் அவளுடையது, ஸ்குறூ டிறைவர் அவளுடையது, தீர்மானமும் அவளுடையது. ஏணியின் அடிப்பக்கம் மட்டும் என்னுடையது.

ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். ஆனால் இந்த வருடம் அவளுக்கு வந்த வேகம் வேறு. அதற்குக் காரணம் அவளுடைய அண்ணன் சூசைதாசன்.

சூசைதாசன் மன்னாரில் பேசாலையில் இருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கடற்தொழில். சண்டைக் காலத்தில் றோஸ்மலரைத் தன் வள்ளத்தில் ஏற்றி இராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டு, மறுபடியும் பேசாலைக்கே திரும்பிப் போனவர். அவள் அங்கே அகதி முகாமில் இருந்து, பிறகு எப்படியோ லண்டன் வந்து, என் கழுத்தில் விழுந்தது தனிக்கதை. சண்டை முடிந்தபிறகு நாங்கள் ஓரிரு தடவை ஊருக்குப் போய் வந்தோம். ஆனால் அந்த வீட்டில் எந்நேரமும் சொந்தக்காரர் கூட்டம். அண்ணனும் தங்கையும் இருந்து ஆறுதலாகக் கதைக்க ஒரு பின்னேரம்கூடக் கிடைக்கவில்லை. அவர் எங்கள் வீட்டுப் படியை மிதித்ததே கிடையாது. மிதிக்க விட்டால்தானே. விசாவுக்கு விண்ணப்பித்த போதெல்லாம் மறுத்துவிட்டார்கள்.

போன ஆவணி மாதம் விசா கிடைத்துவிட்டதென்று தொலைபேசி வந்தது. பின்வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கதைத்து முடித்துவிட்டு, கொடியில் போட்ட ஈரப் படுக்கைவிரிப்பை எடுத்து உதறி அதே இடத்திலேயே திரும்பப் போட்டாள். பிறகு அதையே மறுபடியும் எடுத்து உதறினாள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே போய் என்னவென்று கேட்டதற்கு, "அண்ணை வாறார். நத்தாருக்கு அண்ணை என்ர வீட்டில நிப்பார்" என்றாள். கிறிஸ்மஸை நாங்கள் நத்தார் என்றுதான் சொல்லுவோம்.

கார்த்திகையில் வந்து மாசி தொடக்கத்தில் திரும்புவதாக ஏற்பாடு. வாடைக் காற்று அடிக்கிற அந்த மாதங்களில் பேசாலைக் கடல் குழம்பிக் கிடக்கும்; தொழில் குறைவு. அவருக்கு வசதியான காலம் அதுதான். லண்டனுக்கு வர அதைவிட மோசமான காலம் கிடையாது. இதில்தான் றோஸ்மலருக்கு நெஞ்சிடி. ஏனென்றால் மேரிசாந்தியின் கதை இருக்கிறதே.

மேரிசாந்தி றோஸ்மலருக்குச் சித்தி மகள். சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாரிக் குளிரில் மூன்று மாதத்துக்கென்று எங்களிடம் வந்தாள். அப்போது நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். காற்று கதவைக் கேட்டுக்கொண்டா வந்தது? யன்னலால் வந்தது, தரைப் பலகை இடுக்கால் வந்தது, குளியலறைக் குழாயைச் சுற்றி வந்தது. மூன்று கிழமை முடிவதற்கு முன்பே மேரிசாந்தி விமான ரிக்கற்றை மாற்றிக்கொண்டு ஓடிவிட்டாள். ஓடினதோடு விட்டாளா? "றோஸின்ர வீட்டில படுத்தால் மூக்கு நுனி கழண்டு விழுந்திடும்" என்று பேசாலை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். இப்போது சூசைதாசனும் தொலைபேசியில் சிரித்துக்கொண்டு, "குளிரெண்டால் நானும் உடன வந்திடுவன் தங்கச்சி. ரிக்கற் மாத்தலாமாம்" என்று சொல்லிவிட்டார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். றோஸ்மலர் பகிடியாக எடுக்கவில்லை.

"இந்த வீட்டில அண்ணைக்கு ஒருநாளும் குளிரக் கூடாது" என்றாள் என்னிடம். நான்தான் குளிரை அனுப்புகிறவன் என்பது போல இருந்தது அவள் பார்த்த பார்வை.

முதலில் பீலி. கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடுகிற அந்தக் குழாயில் பக்கத்து வீட்டுப் பெரிய மரம் தன் இலை முழுவதையும் கொட்டி வைத்திருந்தது. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவர் வழியாக இறங்கும், சுவர் ஊறும், உள்ளே குளிரும். கறுப்புச் சேறாய்ப் போன இலைகளை அவள் கையுறை போட்டு அள்ளி அள்ளி வாளிக்குள் போட்டாள். பாதி வாளிக்குள் விழுந்தது; விழாதது முழுவதும் என் தலையில். ஒரு ரெனிஸ் பந்து வந்தது. ஒரு பொம்மையின் கால் வந்தது. கடைசியில் ஒரு சாண் உயரத்தில் வேர் விட்டு வளர்ந்த கன்று ஒன்றையே பிடுங்கி எடுத்து, வெற்றிக் கிண்ணம் வாங்கியவள் போலத் தூக்கிக் காட்டினாள். அடுத்த மழைக்கு நாங்கள் இரண்டு பேரும் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தோம். தண்ணீர் பீலி வழியே ஓடி, குழாயால் இறங்கி, நிலத்துக்குள் ஒழுங்காகப் போனது. "பாருங்கோ, எப்படிப் போகுதெண்டு" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். கலியாண வீட்டில்கூட அவள் அவ்வளவு சந்தோசமாக நின்றதாக எனக்கு ஞாபகமில்லை.

பிறகு ஹீற்றர்கள். மேல்மாடியில் அண்ணனுக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் சுவர் ஹீற்றர் அடியில் சுட்டது, மேலே பச்சைத் தண்ணி. உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்றாள். சின்னச் சாவி ஒன்றைப் போட்டு மெல்லத் திருக, பூனை சீறுகிற மாதிரிச் சத்தத்தோடு காற்று வந்தது, பிறகு கறுப்புத் தண்ணீர் துப்பியது. பழைய பால்மாத் தகரப் பேணி ஒன்றில் அதை ஏந்திக்கொண்டு நான் குந்தியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஹீற்றர் அடிமுதல் நுனிவரை சுடத் தொடங்கியது. அவள் இரண்டு கையையும் விரித்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கூரைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பஞ்சு விரித்தோம். நான் இரண்டு நாள் சொறிந்துகொண்டு திரிந்தேன். வெளிக்குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க அதன் தண்ணீரை உள்ளே பூட்டினாள். கறிவேப்பிலைச் சாடியை வழக்கம்போல உள்ளே தூக்கி வந்து கூடத்தில் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தாள். குரோய்டனில் கம்பளி மாதிரித் தடித்த திரைச்சீலை மலிவாக வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு அங்கே போய், சுருட்டின திரைச்சீலையைத் தோளில் வைத்துக்கொண்டு ட்ராமில் வந்து இறங்கினாள். மனிசி வருகிறாளா, திரைச்சீலை தானாக நடந்து வருகிறதா என்று எனக்கே தெரியவில்லை.

ஹீற்றர்களுக்குத் தண்ணீர் சுடவைக்கிற பொயிலரைப் பார்க்கக் கிளின்ரன் வந்தார். கிளின்ரன் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர். மனைவி பிள்ளைகளோடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். காஸ் வேலைக்கு அனுமதிப் பத்திரம் உள்ளவர். பொயிலரைக் கழற்றி, துடைத்து, பூட்டி, நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போகும்போது, சுவரின் அடியில் காற்றுப் போக வைத்திருந்த துளைக் கற்களைக் காட்டினார்.

"அக்கா, எல்லாத்தையும் அடைக்கிறீங்களெண்டு கேள்விப்பட்டன். உந்தத் துளைக் கல்லையும் யன்னலுக்கு மேல இருக்கிற அந்தச் சின்ன நீக்கலையும் மட்டும் அடைச்சுப்போடாதேங்கோ. சமைக்கிற ஆவி, குளிக்கிற ஆவி எல்லாம் அதால வெளிய போகவேணும். இல்லாட்டிச் சுவர் பூஞ்சணம் பிடிச்சுப்போடும்."

"ஓம் தம்பி, விளங்குது" என்றாள் றோஸ்மலர், வலு பணிவாக.

அவருடைய வான் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கை காட்டினாள். பிறகு உள்ளே வந்து, "சுவரில ஓட்டையை வைச்சுக்கொண்டு உள்ளுக்கு ஹீற்றர் போடச் சொல்லுறான். இவனுக்கென்ன விசரே?" என்றாள். அடுத்த நாளே துளைக் கற்களுக்குள் பழைய கம்பளித் துண்டுகளைத் திணித்து மேலே பிளாஸ்ரிக் ஒட்டியாயிற்று. நான் தடுத்தேனா என்று கேட்காதீர்கள். நான் ஏணி பிடிப்பவன்.

அதற்குப் பிறகு தொடங்கியதுதான் உண்மையான வேட்டை. பெப்ரவரியில் கோயிலில் மந்திரித்துத் தருகிற மெழுகுதிரி ஒன்று எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். இடி முழக்கத்துக்கும், யாராவது சாகக் கிடந்தாலும் கொளுத்துவதற்கென்று வைத்திருப்பது. றோஸ்மலர் அதைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு, யன்னல் யன்னலாக, கதவு கதவாக, தரைப் பலகை விளிம்பு விளிம்பாக மெல்ல நடந்தாள். சுடர் நேரே நின்றால் அடுத்த இடம். சுடர் ஆடினால், "இஞ்ச, இஞ்ச ஒண்டு" என்று கத்துவாள். நான் ஒட்டுகிற ரேப்பை வெட்டிக் கொடுக்கவேண்டும். எனக்கும் அதில் ருசி பிடித்துவிட்டது, பொய் சொல்லுவானேன். காற்று எங்கே ஒளிந்திருக்கிறதென்று கண்டுபிடிப்பதில் ஒரு வெறி வரும். யன்னல் விளிம்புக்குப் பஞ்சு நாடா, யன்னலுக்கு மேலே நீக்கலுக்கு ரேப், யன்னல் கண்ணாடிக்கு மேலே ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் தாள். அதற்கு மகளுடைய தலைமுடி உலர்த்தியால் சூடு காட்ட, மத்தளத் தோல் மாதிரி இழுபட்டு நிற்கும். கடைசியில் வாசல் கதவில் கடிதம் போடுகிற வாயையும் அடைத்துவிட்டாள். தபால்காரர் இரண்டு நாள் கதவோடு மல்லுக்கட்டிவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து கடிதங்களை வெளியே செருப்புத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

பல்கலைக்கழகத்திலிருந்து சனிக்கிழமை வந்த மகள் றூபினி உள்ளே நுழைந்ததும் கம்பளி ஜம்பரைக் கழற்றினாள். பிறகு, "அம்மா, இது வீடா, ஃபிளாஸ்கா?" என்று கேட்டாள்.

"மாமா வரேக்க தெரியும்" என்றாள் தாய்.

சூசைதாசன் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் அவள் செய்த வேலையை நான் சொல்லத்தான் வேண்டும். கோட், தொப்பி, கையுறை, கம்பளிக் காலுறை இரண்டு சோடி என்று ஒரு பெரிய பையோடு போயிருந்தாள். அவர் வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதாள். அழுதுகொண்டே அவருக்குக் கோட்டை மாட்டத் தொடங்கிவிட்டாள். அறுபத்தைந்து வயது மனிதர், உப்பிலும் வெயிலிலும் கறுத்த மனிதர், ஊர் உலகமெல்லாம் பார்க்க நடு மண்டபத்தில் பிள்ளை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "போதும் தங்கச்சி, போதும்" என்று சிரித்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார், தரையைத் தொட்டுப் பார்த்தார். "என்ன தங்கச்சி இது, வெளியில ஐஸ், உள்ளுக்குப் பேசாலை வெயில்" என்றார். இதைக் கேட்க அவள் மூன்று மாதம் காத்திருந்தாள். அந்த நிமிடமே மேரிசாந்தியைத் தொலைபேசியில் பிடித்து, வீடியோவில் அண்ணனைக் காட்டினாள். "பார், பெனியனோட இருக்கிறார். வடிவாப் பார்" என்று தொலைபேசியை அவர் பெனியனுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

அந்த முதல் கிழமை எங்கள் வீடு திருவிழா வீடு மாதிரி இருந்தது. அவள் பாடிக்கொண்டே சமைத்தாள். அண்ணனும் தங்கையும் கதைத்த கதைக்கு அளவில்லை. நான் ஷிப்ட் முடிந்து வரும்போது வாசலிலேயே சிரிப்புக் கேட்கும் என்று எழுத ஆசைதான். கதவை அடைத்திருந்த அடைப்புக்கு ஒன்றும் கேட்காது. திறந்த பிறகுதான் கேட்கும்.

ஆனால் சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன. சூசைதாசன் ஒரு நாள் என் பஸ்ஸில் ஏறி நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். மேல்தட்டுக்குப் போகச் சொன்னேன். நல்லாகத் தெரியும் என்றேன். அவர் போகவில்லை. கீழே, கதவடியில் நின்றார். தரிப்பிடத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் முகத்தை வெளியே நீட்டினார். கோயிலில் கடைசி வாங்கில், கதவோரமாக இருந்தார். வீட்டில் குப்பை வாளி நிறைய முந்தியே தூக்கிக்கொண்டு வெளியே போவார். போனால் லேசில் வரமாட்டார். புகைப் பழக்கம் ஏதும் இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் வீடும் தன் பங்குக்குச் சேட்டை தொடங்கியது. காலையில் யன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்து கீழே குளம் கட்டும். அவள் துவாயால் துடைத்துப் பிழிவாள். அண்ணனுடைய கட்டிலுக்குப் பின்னால், சுவர் மூலையில், கறுப்புப் புள்ளிகள் வந்தன. அவள் பிளீச் போட்டுத் தேய்த்தாள்; இரண்டு நாளில் திரும்ப வந்தன. "குளிர்தான் எங்கயோ உள்ளுக்கு வருது" என்று சொல்லி ஹீற்றரை இன்னும் கூட்டினாள். எனக்குக் கிளின்ரன் சொன்னது ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் கடைசியாக அடைபட்ட ஓட்டை அதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை. எனக்கு லீவு. சமையலறை யன்னலால் பார்த்தால், பின்வளவில் புல் முழுக்க வெள்ளைப் பனி. அதற்கு நடுவே, கவிழ்த்த வாளியில், சாரமும் கோட்டுமாகச் சூசைதாசன் இருக்கிறார். விழுந்தடித்துக்கொண்டு வெளியே போனேன்.

"மச்சான், என்ன இது? விறைச்சுப் போவீங்கள்."

"இருங்கோ மச்சான்" என்றார். கண் இரண்டும் சிவந்து, முகம் வற்றிப் போயிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ரிக்கற்றை மாத்தேலுமோ?" என்று கேட்டார்.

நான் அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். "குளிருதோ?"

"குளிரோ? குளிரில்லை மச்சான். நான் வந்த நாள் துடக்கம் ஒழுங்கா ஒரு கண் நித்திரை இல்லை. அந்த அறைக்குள்ள படுத்தால் நெஞ்சை ஆரோ அமத்திறமாதிரிக் கிடக்கு. காத்து இல்லை. பிறந்த நாள் துடக்கம் காத்துக்குள்ளயே கிடந்தவன். யன்னலைத் திறப்பமெண்டால் அவள் பிளாஸ்ரிக் போட்டு ஒட்டி வைச்சிருக்கிறாள்." குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சிக்கு இதைச் சொல்லாதேங்கோ. ஊரில வள்ளத்து அலுவலொண்டு, அதுக்குத்தான் ரிக்கற் மாத்திறதெண்டு சொல்லுவம்."

"எந்த ரிக்கற்?"

திரும்பினோம். றோஸ்மலர் செருப்புக்கூடப் போடாமல் பனிப் புல்லில் நின்றாள். கடைசியில் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கவேண்டும், முதலில் சொன்னது விழவில்லை.

"குளிருதோ அண்ணை? சொல்லுங்கோ. எங்கால வருதெண்டு சொல்லுங்கோ, இப்பவே அடைக்கிறன். மேரிசாந்தி மாதிரி நீங்களும் போகப் போறீங்களோ?"

அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"குளிரில்லையம்மா" என்றார் கடைசியில். "எனக்கு மூச்சு முட்டுது. நீ ஒரு சொட்டுக் காத்துக்கும் வழி வைக்கேல்லை."

கலியாணம் கட்டின நாளிலிருந்து அவள் பதில் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் கண்டேன். அப்படியே திரும்பி உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். பின்னால் போனால், மேல்மாடியிலிருந்து சர்ரென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. நாங்கள் இரண்டு பேரும் படியேறினோம்.

தேங்காய் நோண்டுகிற கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனுடைய அறை யன்னலில் நின்றாள். மத்தளத் தோலாய் இழுத்துக் கட்டின பிளாஸ்ரிக் தாள் கிழிந்து தொங்கியது. பஞ்சு நாடாவைப் பிடித்து முழம் முழமாக இழுத்தாள். நீக்கலில் ஒட்டின ரேப்பைக் கத்தியால் நெம்பினாள். யன்னல் பிடியைத் திருகி, உள்ளங்கையால் இரண்டு அடி அடித்துத் தள்ள, அது திறந்தது. வெளிக் குளிர் முழுவதும் ஒரேயடியாக உள்ளே வந்தது. திரைச்சீலை எழும்பி அவள் தலையில் விழுந்தது.

"விடு தங்கச்சி. நீ எவ்வளவு பாடுபட்டுச் செய்தது" என்றார் அண்ணன்.

"நீங்கள் வந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாம்." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இத்தனை நாளும் நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறீங்கள். ஒரு வாய் சொல்லேல்லை."

"நீ அவ்வளவு ஆசையாச் செய்து வைச்சிருக்கிறாய். அதைப் பிழையெண்டு நான் எந்த வாயால சொல்லுறது?"

"அப்ப, சொல்லாமல் போறது மட்டும் சரியோ?" என்று அவரைப் பார்த்துத் திரும்பினாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கையில் கத்தி. "எனக்கு வீடோ பெரிசு? இந்தச் சுவரோ பெரிசு? நீங்கள் நிக்கிறதுக்குத்தானே இவ்வளவும் செய்தனான்."

அவர் போய் யன்னலடியில் நின்றார். பெரிதாக ஒரு மூச்சு எடுத்தார். இன்னொன்று எடுத்தார். மீன் திரும்பக் கடலுக்குள் போனால் எப்படியோ, அப்படி அவர் முகம் மாறியது.

அவள் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஏணியை எடுங்கோ."

அன்று பகல் முழுவதும், மூன்று மாதம் அடைத்ததை ஒரே நாளில் திறந்தோம். துளைக் கற்களிலிருந்து கம்பளித் துண்டுகளைக் கொக்கி போட்டு இழுத்தோம். ஊறிப் போய் நாறியது. ஒவ்வொரு துவாரம் திறக்கும்போதும் சூசைதாசன் கையை வைத்துப் பார்த்து, "வருது, வருது" என்றார். அடைக்கும்போது இருந்த அதே உற்சாகம் திறக்கும்போதும் அவளுக்கு வந்துவிட்டது. பின்னேரம் கடிதம் போடுகிற வாயைத் திறந்தபோது, வெளியே போன ஒரு நாய் நின்று உள்ளே பார்த்தது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது. குளிருக்கு மூக்கும் ஒழுகியது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் முதல் பூசைக்குப் போகிறவர்கள். மழையோ பனியோ தவறுவதில்லை. உடுத்துக்கொண்டு கீழே வந்தேன். றோஸ்மலர் படியில் இருந்தாள். கோட், கம்பளித் தொப்பி, என் காலுறை, கழுத்தைச் சுற்றி ஒரு துவாய். மேலே அண்ணனுடைய அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதற்குள்ளால் வெளிக் காற்று படியில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

"என்ன, வெளிக்கிடேல்லையோ?"

"ஸ்" என்றாள் விரலை வாயில் வைத்து. "சத்தம் போடாதேங்கோ. கேளுங்கோ."

நின்று கேட்டேன். மேலே சூசைதாசன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நல்ல ஆழமான, சாவதானமான குறட்டை. அவள் அதைப் பூசையைக் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"உனக்குக் குளிரேல்லையோப்பா?"

"குளிருதுதான். அது கிடக்கட்டும்."

நானும் பக்கத்தில் இருந்தேன். அடுத்த பூசையின் நேரமும் நெருங்கும்போதுதான் அவர் எழும்பி வந்தார். சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு, முகம் வீங்க நித்திரை கொண்ட மனிதராய்ப் படியில் இறங்கினார். எங்கள் இரண்டு பேரையும் மூட்டைகள் மாதிரிக் கண்டதும் நின்றார். ரிக்கற் பற்றி ஏதும் சொல்லுவாரா என்று அவர் வாயையே பார்த்தேன். றோஸ்மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்; அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

அவர் கொட்டாவி விட்டார்.

"மச்சான், நத்தாருக்கு இஞ்ச நல்ல மீன் எங்க எடுக்கலாம்? இந்த முறை கறி நான் காய்ச்சுறன். இவளுக்குப் புளி அளவு இன்னும் தெரியேல்லை."

றோஸ்மலர் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு, திரும்பாமலே, "காலுறை போடாமல் நிக்கிறியள் அண்ணை. போய்ப் போட்டுக்கொண்டு வாங்கோ" என்று ஏசினாள்.